பொய்யென்று காட்டியே பயமுறுத்தியவர்: நொபுஹிகோ ஓபயாஷி

1977 ஜூலை 30 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் இரண்டு படங்கள் சேர்த்துத் திரையிடப்பட்டன. ஒன்றில் அக்காலத்தின் பெரும் நட்சத்திரப் பாடகி மொமோயே யமகுச்சி நடித்திருந்தார். அதனோடு ஒட்டி ஓடிய மற்றொரு படத்தில் ஒரு பியானோ தன்னை வாசித்துக்கொண்டிருந்த பெண்ணை விழுங்கியது. கிணற்றிலிருந்து தர்பூசணிக்குப் பதிலாக ஒரு தோழியின் தலை வந்தது. சுவரில் தொங்கிய பூனைச் சித்திரம் வீடு முழுக்க நிறையுமளவுக்கு இரத்தம் கக்கியது. அந்தப் படத்தின் பெயர் 'ஹவுஸ்'. இயக்கியவர் நொபுஹிகோ ஓபயாஷி. அவருக்கு அப்போது வயது 39. பெரிய நிறுவனம் ஒன்றுக்காக அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் அது.

விமர்சகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் திரண்டு வந்து பார்த்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக இயக்குநருக்கான புளூ ரிப்பன் விருதும் அவருக்குக் கிடைத்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, 2009, 2010 வாக்கில் ஜேனஸ் என்ற படவிநியோக நிறுவனம் இதை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தபோது, நள்ளிரவுக் காட்சிகளில் கூச்சலிட்டுச் சிரித்து மகிழ்வதற்கான 'பைத்தியக்காரப் படம்' என்ற பெயர் அதன்மீது ஒட்டிக்கொண்டது. இன்று இணையத்தில் இந்தப் படத்தைப் பற்றித் தேடினால் முதலில் கிடைப்பவை பத்து வினாடித் துண்டுகளும் அவற்றின் கீழ் வியப்புக் குறிகளும்தான். அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓபயாஷி தன் எண்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு கதையை. போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதையை. 'ஹவுஸ்' அதன் முதல் அத்தியாயம். அந்தத் தொடர்ச்சியைப் பிடிக்காமல் அவரது படங்களைப் பார்த்தால் வண்ணங்களும் வெட்டுகளும் மட்டுமே கண்ணில் படும்.

ஓபயாஷி 1938 ஜனவரி 9 அன்று ஒனோமிச்சியில் பிறந்தார். ஹிரோஷிமா மாகாணத்தில், உள்நாட்டுக் கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் துறைமுக ஊர் அது. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் வரும் முதிய தம்பதி வாழும் ஊரும் அதுவே. தந்தை மருத்துவர், போர் தொடங்கியதும் இராணுவ மருத்துவராக அழைத்துச் செல்லப்பட்டார். தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த சிறுவன் அங்கிருந்த பழைய சாமான்களுக்கிடையே ஒரு தகரப் பொருளைக் கண்டெடுத்து, பொம்மை இரயில் என்ஜின் என்று எண்ணி விளையாடினான். அது கையால் சுழற்றித் திரையில் படம் காட்டும் கருவி (புரொஜெக்டர்). பட ஓட்டத்துக்குரிய சுருள் கைவசம் குறைவாக இருந்ததால், சுருளைத் தேய்த்துவிட்டு அதன்மேல் தானே கட்டம் கட்டமாக வரையத் தொடங்கினான். ஆறு வயதில் இப்படி வரைந்த பாப்பாய் கேலிச்சித்திரம்தான் அவரது படப்பட்டியலின் முதல் வரியாக இன்றும் அச்சிடப்படுகிறது. கேமராவைத் தொடுவதற்கு முன்பே படச்சுருளின்மேல் கைவைத்தவர் அவர். சினிமா என்பது உலகைப் பதிவுசெய்யும் கருவி என்ற எண்ணம் அவருக்கு ஒருபோதும் முழுமையாக வராமல் போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவரைப் பொறுத்தவரை அது கையால் செய்யப்படும் ஒன்று. செய்த கையின் தடம் அதில் தெரிய வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா நகரின்மேல் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. ஒனோமிச்சி அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது, ஊர் தப்பித்தது. ஆனால் தன் சிறுவயது நண்பர்களைக் குண்டுவீச்சில் இழந்ததை அவர் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தை உயிரோடு திரும்பினார். மகனும் மருத்துவராக வேண்டும் என்பதே வீட்டின் எதிர்பார்ப்பாக இருந்தது. மருத்துவ நுழைவுத்தேர்வைப் பாதியில் விட்டுவிட்டு, எனக்குச் சினிமாதான் வேண்டும் என்று மகன் சொன்னபோது, தந்தை கோபித்துக்கொள்ளாமல் தன்னிடமிருந்த 8 மி.மீ. கேமராவைக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கேமராவோடு டோக்கியோவின் செய்ஜோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பட்டம் பெறவில்லை. அங்கேதான் கியோகோவைச் சந்தித்தார். மனைவியாகவும் தயாரிப்பாளராகவும் கடைசிப் படம் வரை கியோகோ அவரோடு இருந்தார்.

அறுபதுகளின் ஜப்பானில் திரைப்பட நிறுவனத்துக்குள் நுழைய ஒரே வழிதான் இருந்தது. தேர்வெழுதி உதவி இயக்குநராகச் சேர வேண்டும். மூத்தவர்களுக்குக் கிளாப் அடித்து, தேநீர் வாங்கிவந்து, பத்தாண்டு கழித்து வாய்ப்பு வந்தால் படம் எடுக்கலாம். ஓபயாஷி அந்த வரிசையில் நிற்கவே இல்லை. 8 மி.மீ., 16 மி.மீ. கேமராக்களில் சொந்தமாகப் படமெடுத்து, கலைக்கூடங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் திரையிட்டார். 1964இல் தகஹிகோ ஈமுரா, டொனால்ட் ரிச்சி போன்றவர்களோடு சேர்ந்து 'ஃபிலிம் அந்தேபாந்தான்' என்ற தனிநிலைப் படக்காரர்களின் குழுவை உருவாக்கினார். அந்தக் காலப் படங்களில் 1963இல் வந்த 'சாப்பிட்டவர்' என்ற குறும்படத்தையும், 1966இல் வந்த 'எமோஷன்' என்ற சுமார் நாற்பது நிமிடப் படத்தையும் தவறவிடக்கூடாது. இரண்டாவது படம் ஒரு இரத்தக்காட்டேரிக் கதை. கடற்கரைக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் ஒரு பெண், அவளுக்குக் கிடைக்கும் தோழி, கறுப்பு அங்கியில் ஓர் உருவம். கதை என்று இவ்வளவுதான். கறுப்பு வெள்ளையும் வண்ணமும் காரணமின்றி மாறிக்கொள்கின்றன. ஒரே அசைவு மூன்று முறை வருகிறது. அசையாப் புகைப்படங்கள் நடனமாடுகின்றன. நடுவே ஆட்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் ரோஜர் வாதீமின் காட்டேரிப் படம் ஒன்றுக்குக் காணிக்கையாக எடுக்கப்பட்ட இது, நாடெங்கும் பல்கலைக்கழகங்களில் சுற்றிச்சுற்றித் திரையிடப்பட்டது. 'ஹவுஸ்' படத்தின் இலக்கணம் முழுவதும் பதினோராண்டு முன்பே இதில் எழுதப்பட்டுவிட்டது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் உணரலாம்.

இடைப்பட்ட காலத்தில் அவருக்குச் சோறு போட்டது விளம்பரத் தொழில். வாழ்நாளில் அவர் எடுத்த விளம்பரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பார்கள். 1970இல் அவர் ஹாலிவுட் நடிகர் சார்ல்ஸ் பிரான்சனை வைத்து எடுத்த ஆண்கள் அழகுசாதன விளம்பரம் பெற்ற வெற்றி சாதாரணமானதல்ல. டான்சோ என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனம் மறு ஆண்டே தன் பெயரை விற்பனைப் பொருளின் பெயரான 'மேண்டம்' என்று மாற்றிக்கொண்டது. கிர்க் டக்ளஸ், சோஃபியா லாரன் என்று வெளிநாட்டு நட்சத்திரங்களை ஜப்பானிய விளம்பரங்களுக்குக் கொண்டுவரும் வழக்கத்தைப் பரவலாக்கியவர்களில் அவரும் ஒருவர். சோதனைப் படக்காரர் ஒருவர் சவர்க்காரமும் வாசனைத் தைலமும் விற்பதா என்று கேட்பவர்களுக்கு அவரது படங்களே பதில். முப்பது வினாடிக்குள் ஒரு முகத்தை நினைவில் நிறுத்தவும், எந்தத் தந்திரக்காட்சியையும் செய்துபார்க்கவும், பிடிக்காவிட்டால் நாளை வேறொன்று எடுக்கவும் அவருக்கு அங்கே இடமும் பணமும் கிடைத்தன. எந்த நிறுவனத்தின் உதவி இயக்குநருக்கும் இந்தப் பயிற்சி கிடைத்திருக்காது.

இனி 'ஹவுஸ்' பிறந்த கதைக்கு வரலாம். ஜப்பானியத் திரையுலகம் அப்போது படுத்துக்கிடந்தது. 1958இல் ஆண்டுக்கு 112 கோடிக்கு மேல் விற்ற நுழைவுச்சீட்டுகள் 1975இல் 17 கோடியாகச் சுருங்கியிருந்தன. டைய்யே நிறுவனம் 1971இல் திவாலானது. நிக்காட்சு அதே ஆண்டு பாலியல் படங்களின் பக்கம் திரும்பியது. ஸ்பீல்பெர்கின் சுறாமீன் படம் உலகெங்கும் வசூலைக் குவித்ததைப் பார்த்த டோஹோ திரைப்பட நிறுவனம், அதுபோல ஒன்று நமக்கும் வேண்டும் என்று ஓபயாஷியிடம் கேட்டது. அவர் வீட்டுக்குப் போய்த் தன் மகள் சிகுமியிடம் கேட்டார். சிகுமிக்கு அப்போது பத்துப் பதினோரு வயதிருக்கும். பெரியவர்கள் தங்களுக்குப் புரிந்ததை மட்டுமே யோசிப்பார்கள், விளக்க முடியாதவற்றைக் குழந்தைகளால்தான் எண்ண முடியும் என்பது அவரது நம்பிக்கை. கண்ணாடியில் தெரியும் என் பிம்பமே வெளியே வந்து என்னைத் தின்றால் பயமாக இருக்கும் என்றாள் மகள். பியானோ பயிற்சியில் விரல்கள் சிக்கிக்கொள்ளும்போது பியானோ கடிப்பதுபோல இருக்கும். தாத்தா வீட்டுக் கிணற்றில் குளிரவைத்த தர்பூசணியை இழுக்கும்போது மனிதத் தலை போலத் தெரியும். அடுக்கிவைத்த மெத்தைகள் சரிந்து மேலே விழும். இவை அனைத்தும் அப்படியே படத்தில் இருக்கின்றன. மூலக்கதை சிகுமி ஓபயாஷி என்றே பெயர்ப் பட்டியலும் சொல்கிறது. திரைக்கதையாக்கியவர் சிஹோ கட்சுரா.

டோஹோ திரைக்கதைக்கு ஒப்புதல் தந்தது. ஆனால் அதன் சம்பள இயக்குநர்கள் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. வெளியாள் ஒருவரை உள்ளே விடவும் நிறுவனம் தயங்கியது. இரண்டு ஆண்டுகள் இழுபறி. ஓபயாஷி விளம்பரக்காரர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா? எடுக்கப்படாத படத்துக்கு விளம்பரம் செய்யத் தொடங்கினார். முகவரி அட்டைகளில் படத்தின் பெயர் அச்சாயிற்று. நாவல் வந்தது, படக்கதை வந்தது, வானொலி நாடகம் ஒலிபரப்பாயிற்று, பாடல் தட்டும் விற்பனைக்கு வந்தது. படமே இல்லாத ஒரு படத்தை இளைஞர்கள் கேட்கத் தொடங்கிய பிறகு டோஹோவுக்கு வேறு வழி இருக்கவில்லை. புரிகிற படங்களாக எடுத்து நட்டப்பட்டு அலுத்துவிட்டது, இந்தப் புரியாததையும் எடுத்துப் பார்ப்போம் என்ற மனநிலையில்தான் மேலிடம் இறங்கிவந்தது என்று ஓபயாஷி பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

படப்பிடிப்பில், காட்சிகளை முன்கூட்டியே வரைந்துவைக்கும் சித்திரப்பலகை கிடையாது. நடிக்க வந்த பெண்களில் பெரும்பாலோர் விளம்பரங்களில் முகம் காட்டியவர்களே; நடிப்புப் பழக்கம் மிகக் குறைவு. அசெய் கொபயாஷியும் கோடைகோ இசைக்குழுவின் மிக்கி யோஷினோவும் அமைத்த இசை முன்கூட்டியே தயாராக இருந்ததால், அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு அந்தத் தாளத்தில் அவர்களை நடக்கவும் ஓடவும் வைத்தார். படத்தின் பேயான அத்தையின் வேடத்துக்கு மட்டும் கைதேர்ந்தவர் வேண்டியிருந்தது. ஐம்பதுகளின் நட்சத்திரமான யோகோ மினமிதா நாற்பத்து நான்காம் வயதில் தலைநரைத்துச் சக்கர நாற்காலியில் உட்கார ஒப்புக்கொண்டார்.

கதை எளிது. தாயை இழந்த ஒரு பெண், தந்தை மறுமணம் செய்யப்போவதை அறிந்து மனமுடைந்து, கோடை விடுமுறைக்குத் தன் அத்தையின் கிராமத்து வீட்டுக்கு ஆறு தோழிகளோடு போகிறாள். ஒருத்திக்கு இசை, ஒருத்திக்குச் சண்டைக்கலை, ஒருத்திக்குச் சாப்பாடு என்று பட்டப்பெயரே அவரவர் குணமாக இருக்கிறது. அத்தை எப்போதோ இறந்துவிட்டவள். போருக்குப் போன அவளது காதலன் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான், வரவில்லை. அவன் வருவான் என்று காத்திருக்கும் ஆசை மட்டும் வீடாக மாறி நிற்கிறது. மணமாகாத பெண் எவளாவது வந்தால் அவளை உண்ணும். உண்ட பிறகே அத்தையால் மணக்கோலம் பூண முடியும். நிறைவேறாத ஆசையோடு செத்தவள் பேயாக வருவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் பேய்களுக்குப் பழிவாங்க ஒரு கெட்டவன் இருப்பான், முடிவில் கணக்குத் தீரும். இந்த அத்தைக்குப் பழிவாங்க யாருமில்லை. அவள் ஒரு போரின்மேல் எப்படிப் பழிதீர்ப்பாள்? அதனால் அவளது பசி எவர்மீதும் பகையற்ற பசியாக, கைக்கு வந்த குழந்தைகளைத் தின்னும் பசியாகத் திரிந்துவிடுகிறது.

படத்தில் நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்த பகுதி, பியானோவோ இரத்த வெள்ளமோ அல்ல. இரயிலில் போகும்போது அத்தையின் கதையை அந்தப் பெண் தோழிகளுக்குச் சொல்லும் சில நிமிடங்கள். கதை பழைய ஊமைப்படம் போலப் பழுப்பு நிறத்தில் ஓடுகிறது. காதலன் சீருடையில் விடைபெறுகிறான், விமானம் விழுகிறது, அத்தை காத்திருக்கிறாள், தங்கைக்குத் திருமணம் நடக்கிறது. தோழிகளின் குரல்கள் திரையரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து அரட்டையடிப்பவர்களைப் போல இதற்கு வருணனை சொல்லிக்கொண்டே வருகின்றன. அவன் அழகாக இருக்கிறானே என்கிறது ஒரு குரல். திடீரென அணுகுண்டின் காளான் மேகம் எழுகிறது. பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள் சாப்பாட்டுப் பிரியையான பெண். அடுத்த கணம் கதை வேறெங்கோ போய்விடுகிறது. குண்டு விழுந்தபோது ஏழு வயதாயிருந்தவர், முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, அதைப் பஞ்சுமிட்டாயாகப் பார்க்கும் ஒரு தலைமுறையை வைத்துப் படமெடுக்கிறார். அந்தப் பெண்கள்மீது அவருக்குக் கோபமில்லை. அவர்களது துள்ளலை அவர் மனமாரக் கொண்டாடுகிறார். ஆனால் மறந்தவர்களை மறக்கப்பட்டவை சும்மா விடுவதில்லை. முதலில் சாவது அந்தப் பஞ்சுமிட்டாய்ப் பெண்தான். கிணற்றிலிருந்து வருவது அவள் தலை. பிறகு அத்தை தர்பூசணித் துண்டைக் கடித்தபடி வாயைத் திறந்து காட்டுகிறாள். நாக்கின்மேல் ஒரு கண்விழி உருண்டு நம்மைப் பார்க்கிறது.

இந்தத் தந்திரக்காட்சிகள் எதுவும் உண்மைபோல இருப்பதில்லை என்பதுதான் பலருக்கும் சிரிப்பு மூட்டுகிறது. ஒட்டு தெரிகிறது, நீலத்திரையின் ஓரம் தெரிகிறது, வானம் துணியில் தீட்டியது என்று தெரிகிறது. வசதிக் குறைவால் நேர்ந்ததென்று இதைக் கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கான விளம்பரங்களில் ஒப்பனையின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் கற்றவர் அவர். உண்மைபோலச் செய்ய வேண்டாம், குழந்தை செய்ததுபோல இருக்கட்டும் என்று அவரே விரும்பிச் செய்தார். பியானோ காட்சியைப் பாருங்கள். இசைக்காரப் பெண் வாசிக்கிறாள், விரல்கள் போய்விடுகின்றன, வெறுமையான கையைத் தூக்கிப் பார்த்து அவள் அலறுவதில்லை, வேடிக்கை பார்க்கிறாள். மூலையில் ஓர் எலும்புக்கூடு தாளத்துக்கு ஆடுகிறது. பெண் முழுதாக உள்ளே போன பிறகும் துண்டித்த விரல்கள் கட்டைகளின்மேல் தம் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கின்றன. வலியின் ஒரு துளியும் காட்டப்படவில்லை. அதனாலேயே அந்தக் காட்சி மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது. செத்தவர்களின் வலியை நான் அறிந்ததுபோல நடிக்கமாட்டேன் என்ற ஒரு கூச்சம், அல்லது மரியாதை, அந்தப் பொம்மைத்தனத்தின் அடியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. தன் பிற்காலப் போர்ப் படங்களில் இதே காரணத்துக்காகவே அவர் தத்ரூபத்தை ஒதுக்கினார். போரை உள்ளது உள்ளபடி காட்டும் படம் பார்ப்பவனுக்கு ஒரு கிளர்ச்சியையும் சேர்த்தே தருகிறது. அந்தக் கிளர்ச்சியை அவர் தர மறுத்தார்.

'ஹவுஸ்' வானத்திலிருந்து குதித்த படமும் அல்ல. வெள்ளைப் பூனை, அதன் மின்னும் பச்சைக் கண்கள், பூனையும் பெண்ணும் ஒன்றாகும் பேயுரு ஆகியவை ஜப்பானின் பூனைப்பேய்ப் படங்களிலிருந்து நேராக வந்தவை. போருக்கு முன்னும் பின்னும் அந்த வகைப் படங்கள் ஏராளம். 1983இல் ஓபயாஷி தொலைக்காட்சிக்காக எடுத்த பூனைப்பேய்ப் படம் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐம்பதுகளில் பூனைப்பேயாக நடித்துப் புகழ்பெற்ற தகாகோ ஈரியேவையே அழைத்து, அவரது மகளையும் உடன் நடிக்கவைத்து, திரையிலிருந்து மறைந்துபோன ஒரு பழைய நடிகையின் கதையாக அதை ஒனோமிச்சி பக்கத்தில் எடுத்தார். வயதாகாமல் காத்திருக்கும் பெண் இங்கேயும் உண்டு.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் வெகுசன இயக்குநராகவே மாறிவிட்டார். 'டென்கோசெய்' (1982), 'காலத்தைத் தாண்டிய சிறுமி' (1983), 'சபிஷின்போ' (1985) என்ற மூன்றும் ஒனோமிச்சி முத்தொகுதி எனப்படுகின்றன. பதின்பருவத்தினரைப் பற்றிய மென்மையான படங்கள்; பார்த்தவர்கள் படம் எடுத்த படிக்கட்டுகளைத் தேடி அந்த ஊருக்குப் படையெடுத்தார்கள். திகில் ரசிகர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் உடல் மாறுவதும், காலம் குழம்புவதும், அம்மாவின் இளமை உருவம் மகன் முன்னால் வந்து நிற்பதும் பேய்க்கதையின் உறவுக்காரர்களே. எல்லாம் வெற்றி என்றும் சொல்லிவிட முடியாது. கசுவோ உமெசுவின் புகழ்பெற்ற திகில் படக்கதையை 1987இல் 'மிதக்கும் வகுப்பறை'யாக எடுத்தார்; குழந்தைகளின் பயங்கரத்தைக் கையாள இவரைவிடத் தகுந்தவர் யார் என்று எண்ணத் தோன்றும். படமோ தளர்ந்து, எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது.

மறு ஆண்டே அதற்கு ஈடுசெய்தார். தாய்ச்சி யமாதாவின் நாவலிலிருந்து 1988இல் எடுத்த 'வேற்றாட்களோடு ஒரு கோடை' அவரது பேய்ப் படங்களில் மிக அமைதியானது. (இதே நாவலைத்தான் ஆண்ட்ரூ ஹெய் 2023இல் இலண்டனுக்குக் கொண்டுபோய் 'ஆல் ஆஃப் அஸ் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்று எடுத்தார்.) மணமுறிவு பெற்ற நடுவயதுத் தொலைக்காட்சி எழுத்தாளன், பன்னிரண்டு வயதில் தான் இழந்த தாய் தந்தையை அவர்கள் இறந்தபோதிருந்த அதே இளமையோடு டோக்கியோவின் அசாகுசாவில் சந்திக்கிறான். பந்து வீசி விளையாடுகிறார்கள். அம்மா ஐஸ்கிரீம் செய்து தருகிறாள். சட்டையைக் கழற்று, வியர்த்திருக்கிறது என்கிறாள். அவர்களைச் சந்திக்கச் சந்திக்க அவன் உடல் தேய்ந்துகொண்டே போகிறது. பிரியும் நாளில் மூவரும் இறைச்சிக் கொதிகுழம்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உணவு வருகிறது, பெற்றோர் சிறிது சிறிதாக மங்குகிறார்கள், அவர்களுக்கு இன்னும் உண்ண நேரமிருக்கிறது என்று நம்பவைக்க மகன் பரபரக்கிறான். இதற்குப் பிறகு படம் சட்டெனத் திரும்பி, இரத்தமும் காற்றும் ஒளியுமாகப் பழைய 'ஹவுஸ்' பாணிப் பேயாட்டத்தில் இறங்குகிறது. அந்த இறுதிப்பகுதி படத்தைக் கெடுத்துவிட்டது என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மென்மையான பேய்களை மட்டும் காட்டி நம்மை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அது ஆறுதல் படமாகப் போயிருக்கும். இறந்தவர்களின் அன்பும் உயிரை உறிஞ்சக்கூடியதுதான் என்பதை 'ஹவுஸ்' அத்தையை உருவாக்கியவர் மறந்திருக்க முடியாது.

தொண்ணூறுகளை விரைவாகக் கடந்துவிடலாம். அகிரா குரோசாவாவின் 'ட்ரீம்ஸ்' உருவான விதத்தை ஆவணப்படமாக்கினார். இன்னொரு ஒனோமிச்சி முத்தொகுதியை முடித்தார். 1998இல் 'சதா' படத்துக்காகப் பெர்லின் திரைப்பட விழாவில் விமர்சகர் பரிசு பெற்றார்.

2011ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கும் அணு உலை விபத்துக்கும் பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், அவரது படங்களுக்கு ஒரு புதிய வேகம் வந்தது. 1945 ஆகஸ்ட் 1 இரவு நாகவோகா நகரம் அமெரிக்க விமானங்களால் எரிக்கப்பட்டு 1,400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அந்த ஊர் இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் நினைவாக வாணவேடிக்கை நடத்துகிறது. அதைப் பற்றிய 2012ஆம் ஆண்டுப் படத்தில் இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே தெருவில் நடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒற்றைச் சக்கர மிதிவண்டியில் காலத்தின் குறுக்கே போகிறார்கள். ஹொக்காய்டோவின் அஷிபெட்சுவில் எடுத்த 'ஏழு வாரங்கள்' 2014இல் வந்தது. இந்தக் காலப் போர்ப் படங்களில் மூன்றாவதான 'ஹனகதாமி'க்குத் தனிக்கதை உண்டு. கசுவோ தானின் நாவலிலிருந்து அதன் திரைக்கதையைச் சிஹோ கட்சுராவோடு சேர்ந்து அவர் எழுதியது 'ஹவுஸ்' எடுப்பதற்கும் முன்பு. அதை எடுக்க வாய்ப்பின்றியே நாற்பது ஆண்டுகள் போயின. 2016 ஆகஸ்டில் கராட்சு நகரில் படப்பிடிப்பு தொடங்கும் வேளையில், நுரையீரல் புற்றுநோய் நான்காம் நிலையில் இருப்பதாகவும் சில மாதங்களே மிச்சம் என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டே படத்தை முடித்தார். முப்பதைக் கடந்த நடிகர்கள் பதினாறு வயது மாணவர்களாக வருகிறார்கள், நிலா அளவுக்கு மீறிப் பெரிதாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது, காசநோய்ப் பெண்ணின் இரத்தம் ரோஜா இதழாகிறது. எல்லாவற்றுக்கும் மேல் அடுத்த மாதம் போருக்கு அழைக்கப்படவிருக்கும் பையன்களின் மூச்சுமுட்டும் அவசரம். திகில் படம் என்று எவரும் இதை வகைப்படுத்தவில்லை; அவர் எடுத்தவற்றிலேயே மிகத் திகிலூட்டுவது எனக்கு இதுதான். அந்தத் திரைக்கதை முன்பே படமாகியிருந்தால் 'ஹவுஸ்' படத்தின் அத்தையை முதல் பார்வையிலேயே எல்லோரும் அடையாளம் கண்டிருப்பார்கள். அவள் காதலன் இந்தப் பையன்களில் ஒருவன்.

மருத்துவர்கள் குறித்த கெடு தாண்டி மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தார். அதற்குள் இன்னொரு படமும் எடுத்தார். 'கடற்கரைத் திரையரங்கம்' 179 நிமிடங்கள் ஓடும். இருபதாண்டு இடைவெளிக்குப் பிறகு ஒனோமிச்சிக்குத் திரும்பி எடுத்தது. மூடவிருக்கும் அரங்கில் கடைசி இரவு போர்ப் படங்கள் ஓடுகின்றன; பார்த்துக்கொண்டிருந்த மூன்று இளைஞர்கள் திரைக்குள் விழுந்துவிடுகிறார்கள். ஒருவன் பெயர் பாபா மரியோ. இத்தாலியத் திகில் மேதை மரியோ பாவாவுக்கு வைத்த வணக்கம். ஒவ்வொரு போரிலும் ஒரே பெண்ணைக் காப்பாற்ற முயன்று தோற்று, கடைசியில் 1945 ஆகஸ்டு ஹிரோஷிமாவில், குண்டுக்குப் பலியான சகுரா நாடகக் குழுவினரிடம் வந்து சேர்கிறார்கள். நடக்கப்போவது பார்வையாளர்களான அவர்களுக்குத் தெரியும், நடிகர்களுக்குத் தெரியாது. நடு ஒரு மணிநேரத்தில் படம் தன் கைப்பிடியைத் தளரவிடுகிறது, ஒரே கருத்து எழுத்தாகவும் குரலாகவும் பாட்டாகவும் மும்முறை வருகிறது. ஆனால் ஹிரோஷிமாப் பகுதி வந்தபின் கண்ணை எடுக்க முடியவில்லை. 2019இல் டோக்கியோ திரைப்பட விழாவில் இது முதலில் திரையிடப்பட்டது; அரசு அவரைப் பண்பாட்டுச் சாதனையாளர்களில் ஒருவராக அறிவித்ததும் அதே ஆண்டில். 2020 ஏப்ரல் 10 என்று வெளியீட்டு நாள் குறிக்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றால் வெளியீடு தள்ளிப்போயிற்று. அந்த ஏப்ரல் 10ஆம் தேதியே ஓபயாஷி டோக்கியோவில் இறந்தார். படம் ஜூலை 31 அன்று திரைக்கு வந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசிப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். மற்றவற்றை அறியாதவர்களை அது களைப்படையச் செய்துவிடும். முதலில் 'எமோஷன்', அதே இரவில் 'ஹவுஸ்'. சில நாள் விட்டு 'வேற்றாட்களோடு ஒரு கோடை'. பிறகு 'ஹனகதாமி'. அதைப் பார்த்து முடித்த கையோடு 'ஹவுஸ்' படத்தின் இரயில் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்; ஐந்து நிமிடம்கூட ஆகாது.